அப்பா ஓட்டிய ஹெரால்டை வாங்கலாமா?

திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் 47 வயது வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா கும்பகோணம் பக்கத்தில் ஒரு டாக்டர் வீட்டில் 1970இலிருந்து 1987 வரை டிரைவராக இருந்தவர். அவர் ஓட்டியது 1964ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு கார். 1987இல் டாக்டர் வேறு கார் வாங்கியதும் ஹெரால்டைக் கொல்லையில் ஓட்டுக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அது இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. டாக்டர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஊரில் இருக்கும் மூத்த மகன், வீட்டை விற்கப்போவதால் காரையும் கொடுத்துவிடலாம் என்று 1,80,000 ரூபாய் கேட்கிறார். ஒரு தங்கை சென்னையில், ஒரு தம்பி அமெரிக்காவில்.

முன்பக்க கிரில், பம்பர், வலது ஹெட்லைட் வளையம் இல்லை. டிக்கித் தரையில் ஓட்டைகள். ஆர்.சி. புத்தகம் கிடைக்கவில்லை, மங்கிப்போன நகல் ஒன்று மட்டும் இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "இன்ஜின் கையால் சுத்துது சார், இரண்டரை லட்சத்துல முடிச்சிடலாம்" என்றிருக்கிறார். வாசகரிடம் சேமிப்பு 3 லட்சம். மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறார். மனைவிக்குச் சம்மதம் இல்லை. மைத்துனரோ, கூரையைக் கழற்றித் திறந்த காராக்கிப் புது இன்ஜினும் ஏ.சி.யும் போட்டால் பத்து லட்சத்துக்குப் போகும் என்கிறார். அப்பாவுக்கு இப்போது 79 வயது. ஞாயிறுதோறும் அவரை முன் சீட்டில் உட்கார வைத்து சுவாமிமலைக்கு ஓட்டிப் போக வேண்டும் என்பது வாசகரின் ஆசை. வாங்கலாமா என்று கேட்கிறார்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்கிற விலைக்கு, இப்போது இருக்கிற நிலையில் வாங்காதீர்கள். ஆனால் காரை விட்டுவிடவும் வேண்டாம். காகிதம் தேறி, பாடியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸும் தேறினால் இது உங்களுக்கு ஏற்ற கார்தான். அதைத் தெரிந்துகொள்ள இரண்டு மாதமும் சில ஆயிரம் ரூபாயும் ஆகும். அதுவரை அட்வான்ஸாகக்கூடப் பெரிய தொகை கைமாறக் கூடாது.

முப்பது வருடமாகப் பழைய கார்களைப் பிரித்துக் கோத்துவரும் பொறியாளன் நான். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலவே இன்ஜினிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். பழைய காரைப் பொறுத்தவரை அதுதான் நான் கடைசியாகப் பார்க்கும் விஷயம். வரிசையை அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் காகிதம், அடுத்து சேஸிஸ், அப்புறம் காணாமல் போன பாகங்கள், கடைசியில் இன்ஜின்.

காகிதம்

நகல் இருக்கிறது, நம்பர் பிளேட் இருக்கிறது, ஊரே சாட்சி சொல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் சொல்லும் சாட்சி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுபடாது. அவர்களுக்கு வேண்டியது பதிவேட்டில் அந்த நம்பருக்கு எதிரே இருக்கும் பெயர், சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர். இந்த மூன்றும் காரோடு பொருந்த வேண்டும்.

இப்போதைய மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் கார் அதற்கு முன்பே நின்றுவிட்டது. அதனால் பதிவு ஒருமுறைகூடப் புதுப்பிக்கப்பட்டிருக்காது; கணினியிலும் ஏறியிருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் விவரம் ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய கட்டுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். மாவட்டங்கள் பிரிந்தபோது அலுவலகங்களும் பிரிந்தன. எனவே அந்தப் பதிவேடு இப்போது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. நகலை எடுத்துக்கொண்டு, டாக்டரின் மகனையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பதிவு விவரம் எழுத்தில் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கிடைக்கவில்லையென்றால், எவ்வளவு மனசு இழுத்தாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். காகிதம் இல்லாத காரைச் செப்பனிட்டால் உங்கள் பணம் முழுவதும் கொட்டகைக்குள்ளேயே நிற்கும்.

விவரம் கிடைத்த பிறகும் வேலை இருக்கிறது. ஆர்.சி. தொலைந்ததற்குப் போலீஸில் புகார் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். அப்புறம் டாக்டர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கும், வாரிசிடமிருந்து உங்கள் பெயருக்கும் மாற்ற வேண்டும். முதல் மாற்றத்துக்குப் படிவம் 31, இரண்டாவதற்குப் படிவம் 29, 30. மூத்த மகன் ஊரில் இருக்கிறார் என்பதற்காகக் கார் அவருடையது ஆகிவிடாது. டாக்டர் உயில் எழுதவில்லையென்றால் தங்கைக்கும் தம்பிக்கும், டாக்டரின் மனைவி இருந்தால் அவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழும் மற்றவர்களின் சம்மதக் கடிதமும் வேண்டும். அமெரிக்காவில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பலாம். வீட்டு விற்பனைக்காக அவர்கள் எப்படியும் கையெழுத்துப் போடப்போகிறார்கள். அந்தச் சமயத்திலேயே காருக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வீடு விற்றுப் பணம் பிரித்த பிறகு ஒரு பழைய காருக்காக யாரும் தூதரகப் படியேற மாட்டார்கள்.

நகலில் இன்னொன்றையும் உற்றுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பலர் ஹையர் பர்ச்சேஸில், அதாவது தவணைக் கடனில்தான் கார் வாங்கினார்கள். கடன் அடைந்த பிறகும் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து நீக்காமல் விட்டவர்கள் நிறைய. அப்படி ஒரு குறிப்பு இருந்து, அந்தக் கம்பெனியே இன்றைக்கு இல்லையென்றால், அதை நீக்க அலைச்சல் கூடும். சாலை வரி பாக்கி உண்டா, வண்டியை நிறுத்தியபோது எழுதிக் கொடுத்தார்களா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். பாக்கி இருந்தால் அது விற்பவரின் கணக்கு.

பதினைந்து வருடம் தாண்டிய காரை உடைத்தே ஆக வேண்டுமாமே என்று பயந்திருக்கிறீர்கள். டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த உத்தரவுகளைப் பற்றிய செய்தி அது. இங்கே பதினைந்து வருடம் என்பது பதிவுச் சான்றின் ஆயுள் மட்டும்தான். அது முடிந்த பின் காரைச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சேஸிஸ்

உங்களுக்கு வாய்த்தது ஹெரால்டு என்பதில் எனக்குச் சந்தோஷம். வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி கட்டிய கார். நம் ஊரில் பிறந்தது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே 1961 முதல் ஸ்டாண்டர்டு பெயரில் வந்தது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. 948 சி.சி. இன்ஜின். முன்பக்க மட்கார்டுகளோடு சேர்த்து பானெட் முழுவதும் முதலை வாய் போல முன்னோக்கித் திறக்கும். இன்ஜினைச் சுற்றி நின்று வேலை செய்ய இதைவிட வசதியான சிறிய காரை நான் பார்த்ததில்லை.

அந்த வகுப்பில் மற்ற கார்கள் சேஸிஸும் பாடியும் ஒரே கூடாக வந்துகொண்டிருந்த காலத்தில், ஹெரால்டு தனிச் சேஸிஸின் மேல் பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு நிறுத்திய வண்டி. உங்களுக்கு நல்லதும் கெட்டதும் இதில்தான் இருக்கிறது. தகடு எவ்வளவு இற்றுப்போயிருந்தாலும் பிரித்து, வெட்டி, புதுத் தகடு அடித்துப் பொருத்திவிடலாம். டிக்கித் தரை ஓட்டையெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் சேஸிஸ் இற்றிருந்தால், பாடியை அதன் மேல் நேராக உட்கார வைக்கவே முடியாது. கதவு ஒரு பக்கம் உரசும், இன்னொரு பக்கம் விரல் நுழையும்.

கொட்டகையில் மண் தரை என்று எழுதியிருக்கிறீர்கள். காவிரிப் படுகை மண் மழைக்காலமெல்லாம் ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். 1987இலிருந்து அந்த ஈரம் நேராகச் சேஸிஸின் அடிவயிற்றில் பட்டிருக்கிறது. மேலே பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது என்று நீங்கள் நிம்மதி அடைவதற்கு அதனால் அர்த்தமில்லை.

ஒரு டார்ச், முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், துணி சுற்றிய சின்ன காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். நான்கு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டுப் படுங்கள். நடுச் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை போல நீண்டு பாடியைத் தாங்கும் கிளைகளை முதலில் குத்திப் பாருங்கள். துரு ஹெரால்டில் அங்கேதான் தொடங்கும். கிளைகள் மட்டும் போயிருந்தால் புதிதாகச் செய்து வெல்டு வைக்கலாம். நடுவில் ஓடும் இரண்டு நீளத் தண்டுகள், அதிலும் பின்சக்கரப் பக்கம், குத்தினால் உள்ளே போகிறது என்றால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். அடுத்து பேட்டரி வைக்கும் இடம். அமிலம் சிந்தித் தகட்டைத் தின்றிருக்கும். காந்தத்தைக் கதவின் கீழ்ப்பகுதியிலும் பின்சக்கர வளைவிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடமெல்லாம் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டி. பெயிண்டுக்கு அடியில் பட்டியைத் தடிமனாக அப்பி மறைத்திருந்தால், டிங்கரிங் செலவு நீங்கள் நினைப்பதைவிடக் கூடும்.

முன் சக்கரங்களையும் பாருங்கள். சக்கரத்தின் செங்குத்துத் தண்டு கீழே டிரன்னியன் என்ற உறுப்பில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். அது கியர் ஆயில் போட வேண்டிய இடம். பல பட்டறைகளில் மற்ற இடங்களுக்குப் போல இதற்கும் கிரீஸ் அடித்துவிடுவார்கள். உள்ளே தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். அந்தக் காரில் அப்பாவை உட்கார வைக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: வாங்கினால், இரண்டு பக்கமும் கழற்றிப் பார்க்காமல் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். பிரேக்கும் அப்படித்தான். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், பைப், ஹோஸ் எல்லாம் புதிதாக வேண்டும்.

காணாமல் போனவை, இன்ஜின்

இன்ஜின் கையால் சுற்றுகிறது என்பது நல்ல செய்திதான். சுற்றாவிட்டாலும் நான் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டேன். போர் போடவும் கிராங்க் தேய்க்கவும் புஷ் கடையவும் கோயம்புத்தூர் லேத்துகளில் கைதேர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டயரும் 13 அங்குலம், கிடைக்கும். ஆனால் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லி அவசரப்படாதீர்கள். இத்தனை வருடம் நின்ற இன்ஜினுக்குப் பேட்டரி கொடுத்துச் சுற்றினால், காய்ந்த சுவரில் ரிங் கீறி, தப்பித்திருக்கக்கூடிய சிலிண்டரும் போய்விடும். பிளக்கைக் கழற்றி, எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊற வைத்து, கையாலேயே சுற்றுங்கள்.

எனக்குக் கவலை கிரில், பம்பர், ஹெட்லைட் வளையம் மூன்றும்தான். இன்ஜினைச் சரிசெய்ய ஆள் கிடைப்பார். கிரில் செய்துதர ஆள் தேட வேண்டும். நான் இளவயதில் லேண்ட்மாஸ்டர் என்ற பழைய கார் ஒன்று வாங்கினேன். ஆறு மாதத்தில் ஓடியது. கிரில் கிடைக்க மூன்று வருடம் ஆனது. அதுவரை பல் போன வாய் மாதிரி நின்றது. உங்களுக்கு ஒரு ஆறுதல்: டிரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் விற்கிறார்கள். அடிப்பாகங்கள், ரப்பர் சாமான்கள் நிறையப் பொருந்தும். ஆனால் முகப்பு அலங்காரங்கள் இந்திய மாடலில் வேறுபடும். அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் சென்னை புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலும் ஹெரால்டு வைத்திருப்பவர்களிடமும் விசாரியுங்கள். அதற்கும் முன்னால், அந்தக் கொட்டகைப் பரணையும் வைக்கோல் போரடியையும் தேடச் சொல்லுங்கள். கழற்றி வைத்த பம்பர் பெரும்பாலும் அதே வீட்டில்தான் எங்காவது கிடக்கும். வீட்டைக் காலி செய்யும்போது காயலான் கடைக்குப் போய்விட்டால் பிறகு கிடைக்காது.

மைத்துனரின் யோசனை

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பத்து லட்சக் கனவைக் கெடுப்பதே அந்த யோசனைதான். ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பதால் கழற்றுவது சுலபம். அதனாலேயே கூரை வெட்டிய ஹெரால்டைப் பார்த்ததும், விவரம் தெரிந்தவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். சட்டமும் ஒத்துவராது. அனுமதியில்லாமல் இன்ஜினையும் பாடியையும் மாற்றக் கூடாது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பிரிவு சேர்த்தார்கள். 50 வருடம் கடந்து, சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருப்பதே அதன்படி விண்டேஜ். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். புதிதாகப் பதிந்தால் மாநில எழுத்துக்குப் பின் வி.ஏ. என்று வரும், ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 1964 கார் வயதில் தேறுகிறது. வேறு இன்ஜின் போட்ட அன்றே அந்தத் தகுதி போய்விடும்.

ஆனால் உங்களுக்கு விண்டேஜ் பதிவு வேண்டாம் என்பேன். அந்தப் பதிவில் உள்ள காரைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இப்படிச் சில காரணங்களுக்குத்தான் எடுக்கலாம். வழக்கமாக ஓட்டக் கூடாது. ஞாயிறுதோறும் சுவாமிமலை என்பது அதற்குள் அடங்காது. சாதாரணப் பதிவையே சோதனை காட்டிப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். காரை மட்டும் அசல் நிலையிலேயே வைத்திருங்கள். பின்னால் மனம் மாறினால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

பணம்

இரண்டரை லட்சத்தில் முடியாது. மெக்கானிக் பொய் சொல்லவில்லை. அவர் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் கணக்கைச் சொல்கிறார். டிங்கரிங், பெயிண்டிங், குரோம் முலாம், சீட் வேலை, வயரிங், கண்ணாடி, பீடிங், தொலைந்த பாகங்கள் எல்லாம் சேர்த்தால் என் அனுபவத்தில் வேலைக்கு மட்டும் ஐந்தரையிலிருந்து ஆறு லட்சம் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நடுச் சேஸிஸ் உறுதியாக இருந்தால். காலம் ஒன்றரை வருடமாவது ஆகும்.

விற்றால் இந்தப் பணம் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஹெரால்டு அன்போடு தேடப்படும் கார். பெரும் பணக்காரர்கள் ஏலம் கேட்கும் கார் இல்லை. செலவழித்ததில் ஒரு பகுதி திரும்பினாலே பெரிது. ஆகவே நகையை வைக்க வேண்டாம். உங்கள் மனைவி சொல்வது சரி. காருக்காகக் கடன் வாங்கினால் வட்டி ஓடும், கார் பிரிந்து கிடக்கும், வீட்டில் ஒவ்வொரு நாளும் அது ஒரு பேச்சாகும். அவர் மறுப்பது கடனையா, காரையா என்று உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால் கடனைத்தான் என்று எனக்குப் படுகிறது.

கையில் உள்ள 3 லட்சத்தில் எப்படிச் செய்யலாம்? கிரில்லும் பம்பரும் இல்லை, ஆர்.சி. இல்லை, மூன்று வாரிசுகள். இதையெல்லாம் எடுத்துச் சொல்லி 80,000 ரூபாயில் பேச்சைத் தொடங்குங்கள். ஒரு லட்சத்துக்கு மேல் நான் போகமாட்டேன். சிறு தொகை அட்வான்ஸ், அதற்கு ரசீது. பதிவு விவரமும் எல்லா வாரிசுகளின் சம்மதமும் வராவிட்டால் அட்வான்ஸ் திரும்பும் என்று அதிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மிச்சப் பணத்தில் முதல் வருடம் சேஸிஸ், பிரேக், முன் சக்கரம், இன்ஜின். பெயிண்டும் சீட்டும் அடுத்தடுத்த வருடங்களில் சேமித்துச் செய்யலாம். பட்டறைக்கு மொத்தமாகப் பணம் கொடுக்காதீர்கள். முடிந்த வேலைக்கு மட்டும் கொடுங்கள். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் போட்டோ எடுத்து, கழற்றியதைப் பெயர் எழுதிப் பையில் கட்டச் சொல்லுங்கள். பிரித்துப் போட்டபடியே ஆண்டுக்கணக்கில் கிடந்து, கடைசியில் எடைக்குப் போன கார்கள் எனக்கு நிறையத் தெரியும்.

இன்னொன்று. அடுத்த தடவை காரைப் பார்க்கப் போகும்போது மெக்கானிக்கோடு அப்பாவையும் கூட்டிப் போங்கள். பதினேழு வருடம் அதை ஓட்டியவர் அவர். எந்தப் பக்கம் இடித்துத் தகடு மாற்றினார்கள், இன்ஜின் அசலா இடையில் மாற்றியதா, டிரன்னியனுக்கு ஆயில் விட்டார்களா கிரீஸா, பம்பரைக் கழற்றி எங்கே வைத்தார்கள், ஆர்.சி. புத்தகத்தை டாக்டர் எந்த அலமாரியில் வைப்பார்... இவ்வளவையும் அவரிடம் கேட்டால்தான் தெரியும். ஒரு நாற்காலியும் கொண்டுபோங்கள், கொட்டகை வாசலில் போட. பானெட்டைத் திறந்து அவர் பார்க்கட்டும். சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டின் மேலும் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, ஆர்.சி. நகலோடு சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மூன்றும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு மேலே எழுதுகிறேன்.